சொந்த ஆட்டத்திலிருந்து செஸ் கற்பது எப்படி: கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பையன் பிரனேஷ் 2023 ஜனவரியில் இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்ற செய்தியைப் படித்துவிட்டுத்தான், நாற்பதைத் தாண்டிய வயதில், பரணில் கிடந்த செஸ் பலகையை இறக்கித் துடைத்தேன். கடை சாத்த இரவு ஒன்பதரை ஆகும். அதற்கு மேல் எனக்காக யார் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? அதனால் ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் அவகாசம் தரும் கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்துக்குப் போனேன்.

முதல் ஒன்றரை வருடம் ஆடிக்கொண்டே இருந்தேன், தோற்றுக்கொண்டே இருந்தேன். ஆட்டம் முடிந்ததும் இஞ்சினை, அதாவது நகர்த்தல்களை அலசித் தப்பைக் காட்டும் கம்ப்யூட்டர் நிரலை, தட்டுவேன். பெரிய தப்பு என்று அது இரட்டைக் கேள்விக்குறி போட்ட இடத்தைப் பார்த்து “அட, ஆமா” என்பேன். அடுத்த ஆட்டத்தில் அதே தப்பு. கோளாறு எங்கே என்று பிடிபட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. கடையில் பத்து ரூபாய்க்கு ஆணி விற்றாலும் அன்றைய குறிப்பில் ஏறாமல் பேரேட்டுக்குப் போகாது. இதையே தொழிலாகச் செய்கிறவன், செஸ்ஸில் மட்டும் குறிப்பே எழுதாமல் ஐந்தொகை, அதாவது வருடக் கடைசிக் கணக்கு, போடப் பார்த்திருக்கிறேன். நகர்த்தும் நேரத்தில் என்ன நினைத்தேன் என்பது எங்கேயும் இல்லை. இஞ்சின் எதைத் திருத்தும்?

காய்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் நிற்பது யானை, குறுக்காகப் போவது மந்திரி, ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது ராணி. கட்டங்கள் ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை.

1. எங்கே ஆடுவது, என்ன செலவு

லிசெஸ் தளத்தில் ஆரம்பியுங்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கட்டணம் கட்டினால்தான் திறக்கும் என்று எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஸ்டாக்ஃபிஷ் இஞ்சினின் அலசலும் இலவசம். கணக்கு தொடங்க மின்னஞ்சல் முகவரி போதும். செஸ் டாட் காம் தளத்திலும் இதே வகை ஆட்டம் ‘டெய்லி’ என்ற பெயரில் உண்டு. இரண்டிலும் கணக்கு வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம், ஒன்று போதும்.

ஐசிசிஎஃப் என்று சர்வதேச கரஸ்பாண்டன்ஸ் சம்மேளனம் இருக்கிறது. இந்தியாவில் அதன் உறுப்பு அகில இந்திய கரஸ்பாண்டன்ஸ் செஸ் சம்மேளனம். பட்டம், உலகப் போட்டி எல்லாம் அங்கேதான். ஆனால் புதியவர்கள் எடுத்ததும் அங்கே போகாதீர்கள். அங்கே ஆட்டத்தின் நடுவிலேயே இஞ்சினைப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது. எதிராளி கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார், அது தப்பும் இல்லை. மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. அது வேறு கலை. நம் சொந்த மூளையின் ஓட்டை எங்கே என்று பார்க்க அது இடம் இல்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு லாங்சைஸ் கோடு போட்ட நோட்டு. செக்காலை ரோட்டில் எனக்கு எண்பது ரூபாய் ஆனது. இதுதான் குறிப்பு. போனிலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். லிசெஸ்ஸில் ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே நமக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பெட்டி உண்டு, நானும் அதில்தான் தொடங்கினேன். நாலாவது நாளே “சரி, பார்ப்போம்” என்று இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. பேனா பிடித்தால்தான் எனக்கு வாக்கியம் முழுதாக வருகிறது.

இரண்டாவது, இன்னொரு நோட்டு, மெல்லியதாக. அது பேரேடு. மூன்றாவது, ஒவ்வொரு ஆட்டத்தின் பிஜிஎன் கோப்பு, அதாவது நகர்த்தல்கள் வரிசையாகப் பதிந்த கோப்பு. ஆட்டம் முடிந்த அன்றே தளத்திலிருந்து இறக்கி, தேதியும் நிறமும் போட்டுப் பெயரிட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். தளத்தில்தான் இருக்கிறதே என்று விடாதீர்கள். கடவுச்சொல்லை மறந்து, பழைய மின்னஞ்சலும் போய், ஒரு முழுக் கணக்கையே தொலைத்தவன் சொல்கிறேன்.

மரப்பலகை ஒன்றும் வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை, காய்கள் விழாமல் நின்றால் போதும். திரையில் தெரியாதது பலகையில் தெரியும். எனக்காவது அப்படித்தான்.

3. எத்தனை ஆட்டம், எத்தனை நாள்

லிசெஸ்ஸில் ஒரு நகர்த்தலுக்கு 1, 2, 3, 5, 7, 10, 14 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு 3 நாள் சரியாக இருக்கும். நாற்பது நகர்த்தல் ஆட்டத்தில் இருவருமே முழு அவகாசத்தையும் எடுத்தால் 240 நாள் இழுக்கும். நடைமுறையில் என் ஆட்டங்கள் இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடுகின்றன.

ஒரே சமயத்தில் நாலு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். நான் பதினெட்டு வரை போனேன். எந்த ஆட்டத்தில் எதற்காகக் குதிரையை அங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று எனக்கே நினைவில்லாமல், பேருந்தில் நின்றபடி வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அது கரஸ்பாண்டன்ஸ் ஆட்டமே இல்லை, சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்கள் பதினெட்டை மெதுவாகத் தோற்பது.

ஊருக்குப் போவதைக் காலண்டரில் பார்த்துவிட்டு ஆட்டம் தொடங்குங்கள். லிசெஸ்ஸில் விடுப்பு கிடையாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியபோது எனக்கு நாலு ஆட்டம் 2 நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஆடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கால் கொப்புளத்தையும் சார்ஜ் இறங்கிய போனையும் கணக்கில் எடுக்கவில்லை. முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நாலும் நேரம் போய்த் தோல்வி, அதில் ஒன்றில் நான் ஒரு யானை அதிகம் வைத்திருந்தேன்.

4. நகர்த்தும் முன் எழுதுங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மீதியில் எதை விட்டாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து வரி. தேதியும் மணியும். நான் யோசித்த நகர்த்தல்கள், குறைந்தது இரண்டு. எதிராளி என்ன பதில் ஆடுவார் என்று நினைக்கிறேன். எதைக் கண்டு பயப்படுகிறேன். கடைசியாக, எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன். அதன் பிறகுதான் போனில் காயைத் தொட வேண்டும். நகர்த்திவிட்டு எழுதினால் அது வக்கீல் வாதம் ஆகிவிடும். செய்ததை நியாயப்படுத்த மனசு தானாகவே காரணம் தேடும்.

மணியை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்து ஆட்டம் முடிந்து புரட்டிப் பார்த்தபோது, என் மோசமான தப்புகளில் முக்கால்வாசி இரவு பதினொன்றுக்கு மேல் ஆடியவை. கடை வரவுசெலவை முடித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு ஆடியவை. “சாப்பிடுறியளா, இல்ல அந்தக் குதிரைக்கு ஊட்டுறியளா?” என்று வீட்டில் கேட்டதும் அந்த நேரத்தில்தான். இப்போது காலை ஆறரைக்குக் காப்பியோடு திண்ணையில் உட்கார்ந்து ஆடுகிறேன். இரவில் யோசிக்கலாம், எழுதலாம், ஆனால் நகர்த்துவதில்லை. எந்த ஓப்பனிங்கும், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையும், எனக்கு இவ்வளவு புள்ளி வாங்கித் தரவில்லை.

ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம்? சாதாரண இடத்தில் பத்து நிமிடம். காய்கள் ஒன்றையொன்று வெட்டத் தயாராக நிற்கும் இடத்தில் அரை மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் ஆறப்போட்டு மறுநாள்.

5. ஆட்டம் ஓடும்போது தொடலாமா, கூடாதா

ஓப்பனிங் புத்தகம், ஆட்டத் தொகுப்பு, தொடக்க நகர்த்தல்களில் மற்றவர்கள் எதை ஆடினார்கள் என்று காட்டும், தளத்திலேயே இருக்கும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் ஆகியவற்றை லிசெஸ், செஸ் டாட் காம் இரண்டிலும் இந்த வகை ஆட்டத்தில் பார்க்கலாம். இஞ்சினைப் பார்க்கக் கூடாது. அடுத்தவரிடம் கேட்கவும் கூடாது. எங்கள் தெருவில் செஸ் வகுப்புக்குப் போகும் பையன் ஒருவன் “மாமா, ஒரே ஒரு தடவை இஞ்சின் போட்டுப் பாருங்க, யாருக்குத் தெரியும்?” என்றான். தளத்துக்குத் தெரிந்துவிடும், கணக்கை முடக்குவார்கள் என்பது ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை பார்த்தாலும் அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் எந்த யோசனை உங்களுடையது, எது அதனுடையது என்று நோட்டால் சொல்ல முடியாது. அந்த ஆட்டம் பாடத்துக்கு உதவாது.

அனுமதித்த பொருளிலும் ஒரு குழி இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் அதிகம் பேர் ஆடியது எது என்று பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு நகர்த்தல் வரை கிராண்ட்மாஸ்டர் போல ஆடலாம். பதின்மூன்றாவதில் தொகுப்பு தீர்ந்துவிடும். காய்கள் அழகாக நிற்கும், எதற்கு நிற்கின்றன என்று நமக்குத் தெரியாது. நான் இப்போது செய்வது: எக்ஸ்ப்ளோரர் சொன்னதை ஆடலாம், ஆனால் காரணத்தை என் சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் ஓரத்தில் ஒரு வட்டம். ஆட்டம் முடிந்த பிறகு வட்டங்களை மட்டும் எடுத்துப் படிப்பேன்.

அடுத்த குழி, நிபந்தனை நகர்த்தல். “அவர் இதை ஆடினால் நான் இதை ஆடுவேன்” என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் வசதி. அவர் வெட்டினால் நான் திருப்பி வெட்டுவேன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஒருமுறை போட்டுவிட்டேன். அன்று இரவு பலகையில் காய்களை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: திருப்பி வெட்டுவதற்கு முன்னால் நடுவில் ஒரு செக் கொடுத்தால் இன்னொரு காயும் விழும். போனை எடுத்தேன். அவர் வெட்டி, எனக்குப் பதிலாகத் தளம் திருப்பி வெட்டி, இருபது நிமிடம் ஆகியிருந்தது. ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது என்பது போன்ற வேறு வழியே இல்லாத இடங்களில் மட்டும் இந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

எதிராளி இஞ்சின் வைத்து ஆடுகிறார் என்று சந்தேகம் வந்தால் சாட்டில் சண்டை போடாதீர்கள். தளத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். உங்கள் குறிப்பு உங்கள் யோசனையைப் பற்றியது. எதிரில் இருந்தது ஆளோ இயந்திரமோ, அதன் மதிப்பு குறையாது.

6. முடிந்த பிறகு: முதலில் நீங்கள், அப்புறம் இஞ்சின்

ஆட்டம் முடிந்த அன்று எதையும் திறக்க வேண்டாம், ஒரு நாள் போகட்டும். மறுநாள் ஒரு மணி நேரம் பலகை, நோட்டு இரண்டோடு மட்டும் உட்காருங்கள். எங்கே திரும்பியது என்று நீங்களே ஒரு நகர்த்தலைச் சுட்டி, பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு இஞ்சின், அதற்கு அரை மணி நேரம் போதும். நீங்கள் சுட்டிய இடமும் அது சுட்டும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. நான் கடைசியில் செய்த தப்பைச் சுட்டியிருப்பேன், இஞ்சின் அதற்குப் பத்து நகர்த்தல் முன்னால் சுட்டும்.

ஓர் ஆட்டத்தைக் காட்டுகிறேன். எனக்கு வெள்ளை. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது என் நகர்த்தல், அடுத்தது அவருடையது; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய். இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. மந்திரி பி5, ஏ6. மந்திரி ஏ4, டி6. டி4, பி5. மந்திரி பி3. இப்போது கறுப்பு டி4-இல் என் சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். நான் அந்தக் குதிரையைக் குதிரையால் வெட்டினேன். அவர் இ சிப்பாயால் என் குதிரையை வெட்டினார். டி4-இல் கறுப்புச் சிப்பாய் தனியாக நிற்கிறது. எட்டாவது நகர்த்தல். என் நோட்டில் அன்று எழுதியது அப்படியே:

“இரவு 11.20. டி4 சிப்பாய் சும்மா கிடக்கிறது, ராணியால் வெட்டலாம். பயம்: ராணியை விரட்டுவார்களா? அவருடைய ஒரு குதிரை போய்விட்டது, இன்னொன்று தூரம். சி5 சிப்பாய் வந்தால் ராணி டி5 போகும், ஏ8 யானைக்கும் குறி, எஃப்7-இல் மேட்டுக்கும் குறி. நல்லதுதான். வெட்டு.”

வெட்டினேன். சி5 வந்தது. எழுதி வைத்தபடியே ராணி டி5. அவர் மந்திரியை இ6-க்கு எடுத்து வைத்தார். மேட் அடைபட்டது, ராணிக்குக் குறி விழுந்தது, வழி திறந்ததால் ஏ8 யானைக்கு அவருடைய ராணியின் காவலும் கிடைத்தது. நான் சி6-இல் செக் கொடுத்தேன், மந்திரி டி7-இல் வந்து மறைத்தது. மறுபடி டி5-க்கு வந்து எஃப்7-ஐ மிரட்டினேன். அவர் சிப்பாயை சி4-க்குத் தள்ளினார். அவ்வளவுதான். பி3-இல் நிற்கும் என் மந்திரிக்குப் போக இடமில்லை. பின்னால் என் சிப்பாய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன, முன்னால் அவருடைய சிப்பாய்கள். இரண்டு சிப்பாய்க்கு ஒரு மந்திரியைக் கொடுத்து எழுந்தேன். எத்தனையோ பேர் விழுந்த பழைய பொறி இது. செஸ் ஆட்டக்காரர்கள் நோவாவின் பேழை என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இஞ்சின் எட்டாவது நகர்த்தலில் கேள்விக்குறி போட்டது. மந்திரியை டி5-க்குக் கொண்டுபோய் முதலில் யானையை மிரட்டியிருக்கலாம் என்று காட்டியது. இதோடு விட்டிருந்தால் “ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் இந்த இடத்தில் வெட்டக் கூடாது” என்று ஒரு துண்டுப் பாடம் கிடைத்திருக்கும். நோட்டைப் பார்த்தபோது வேறொன்று கிடைத்தது. ராணியைப் பற்றி மூன்று வாக்கியம், பி3 மந்திரியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. நகர்த்தப்போகும் காயைத் தவிர வேறெந்தக் காயும் அன்று என் கண்ணில் இல்லை.

7. பேரேட்டில் ஏற்றுவது

குறிப்பு ஆட்டவாரியாக, தேதிவாரியாக ஓடும். பேரேடு அப்படியில்லை, தலைப்புவாரியாகப் பிரிய வேண்டும். தப்பின் வகைக்கு ஒரு பக்கம். மேலே சொன்ன ஆட்டம் “நகராத காய்” என்ற பக்கத்தில் ஏறியது. அந்தப் பக்கத்தில் அதற்கு முன்பே இரண்டு வரவு இருந்தது என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, மூன்றும் வேறு வேறு ஓப்பனிங். என்னிடம் இருக்கும் மற்ற பக்கங்கள்: “அவசரமாகத் திருப்பி வெட்டியது”, “பயந்து பின்வாங்கியது”, “ஜெயிக்கிறோம் என்று தூங்கியது”. உங்கள் தலைப்புகள் வேறாக இருக்கும். என்னுடையதைக் காப்பியடிக்காதீர்கள், முதல் ஐந்து ஆட்டம் முடியும் வரை தலைப்பே வைக்காதீர்கள்.

ஒவ்வொரு வரவுக்கும் மூன்று துண்டு போதும்: என்ன நினைத்தேன், எதை நினைக்கவில்லை, அடுத்த முறை என்ன கேள்வி கேட்பேன். “நகராத காய்” பக்கத்தின் கேள்வி: ‘இதை ஆடிய பிறகு என் மற்ற காய்களில் ஓட இடமில்லாதது எது?’ இந்தக் கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். ஒரே சமயத்தில் ஒரு கேள்விதான் ஒட்ட வேண்டும். ஐந்து ஒட்டிப் பார்த்தேன், ஐந்தையும் படிக்காமல் தாண்டிவிடுகிறது கண்.

ஜெயித்த ஆட்டங்களையும் ஏற்றுங்கள். நம் தப்பை எதிராளி கவனிக்காமல் விட்டதால் ஜெயித்த ஆட்டம்தான் பேரேட்டுக்குக் கனமான வரவு. அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

எழுதி முடிக்க ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு ஆட்டம் முடிந்தால் நாலு மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஐந்தொகையை வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை ஒன்றுக்கு முந்தின வாரம் பார்க்கிறேன். எந்தப் பக்கம் பெருத்திருக்கிறது, எது நின்றுவிட்டது என்று எண்ணினால் போதும். தளம் நம் ஆட்டத் திறனுக்குப் போடும் ரேட்டிங் எண்ணைப் பார்த்து அல்லாட வேண்டாம், அது ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

8. அட்டையில் ஆட ஆசை இருந்தால்

இது கட்டாயம் இல்லை. தேவகோட்டையில் இருக்கும் என் மாமா போனில் ஆட மாட்டேன் என்றதால் நாங்கள் அஞ்சலட்டையில் ஆடுகிறோம். அட்டை 50 காசு. நாற்பது நகர்த்தலுக்கு ஆளுக்கு இருபது ரூபாய். பக்கத்து ஊர்தான், ஆனாலும் ஒரு அட்டை போய்ச் சேர இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். போக இரண்டு, வர இரண்டு என்றால் நாற்பது நகர்த்தலுக்கு 160 நாள், ஞாயிறும் விடுமுறையும் சேராமல்.

எழுத்துக் குழப்பம் வராமல் எண்ணில் எழுதுங்கள். ஏ முதல் எச் வரை 1 முதல் 8 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டமும் இரண்டு இலக்கம். இ2-இலிருந்து இ4 என்பது 5254. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங்குக்கு ராஜாவின் நகர்வை மட்டும் எழுதுங்கள்: ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு 5171, கறுப்புக்கு 5878. எதிராளியின் கடைசி நகர்த்தலையும் உங்கள் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு அட்டை வழியில் தொலைந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். வந்த தேதி, அனுப்பிய தேதி இரண்டையும் மூலையில் குறியுங்கள். எல்லா அட்டையையும் நூலில் கோத்து வையுங்கள், பிஜிஎன் கோப்பு இல்லாத இந்த ஆட்டத்துக்கு அதுதான் ஆவணம்.

போன வாரம் மாமாவிடமிருந்து வந்த அட்டையில் 5878-க்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது: “உன் மந்திரி எங்கே ஓடும்னு பாத்தியா?” நோட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கிறேன், காலை 6.40-க்கு எழுதியிருக்கிறேன்.